ஆங்கில வாசிப்புப் பாடமும் மைக்கல் வெஸ்ற்றும்

ஆங்கிலப் பாடவேளையில் ஆசிரியரே வாசித்து, ஆசிரியரே பொருளும் உரைப்பாராயின் மாணவன் வாசிப்பது எப்போது? டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராயிருந்த மைக்கல் வெஸ்ற், வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் வெளியிட்ட நூலிலே இக்குறையை ஆராய்ந்தார். படிப்பு முடியுமுன்னே பள்ளியை நீங்குவோர் பலர். அவர்பால் எஞ்சுவது யாது என்பதே அவர் கவலை. பேச்சன்று, வாசிப்பே எஞ்சும் எனக் கருதினார். ஆகவே வாசக நூல்களில் நெருங்கிக்கிடந்த புதுச்சொற்களை ஐதாக்கினார்; அருஞ்சொற்களுக்கீடாக வழக்குச் சொற்களைப் பெய்தார். அவர்தம் பாட ஒழுங்கில் வினா முன்வரும், மாணவன் விடை தேடி மௌனமாக வாசிப்பான், ஆசிரியர் வாளாவிருப்பார். (ஆசிரியர்க்கு இதுவே அரிது போலும்!) பேச்சைப் பிற்படுத்தியமையைப் பின்வந்தோர் மறுத்தனர், அம்மறுப்பு நேரியதே. ஆயினும், ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்டு 1953இல் வெளிவந்த அவரது பொதுச்சொற் பட்டியல், எளிய ஆங்கில நூல்கள் பலவற்றுக்கு அளவுகோலாயிற்று.