கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு

பிரஸ் மெஷினில் சிக்கிக் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. ஒரு கையே போனால் 60. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கணக்கிட நம் நாட்டுச் சட்டத்தோடு இணைந்திருக்கும் அட்டவணை இப்படித்தான் போகிறது. உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இது நம்மிடம் வந்து சேர்ந்த வழி விசித்திரமானது.

உடலுறுப்புக்கு விலை வைக்கும் வழக்கம் சுமார் 4,000 ஆண்டுப் பழமை உடையது. சுமேரிய மன்னன் ஊர்-நம்முவின் சட்டத்தில், ஒருவனின் பல்லை உடைத்தவன் 2 ஷெக்கல் வெள்ளி தரவேண்டும். ஆனால் அது அடித்தவன் கட்டிய அபராதம். யாருமே அடிக்காமல் வேலையே ஒருவனை அடித்துப்போட்டால் யார் தருவது? இதற்கு ஒரு தெளிவான விடை கிடைத்தது, நம்பினால் நம்புங்கள், கரீபியன் கடற்கொள்ளையரிடம்.

அவர்களோடு கப்பலில் திரிந்த எக்ஸ்கெமெலின் என்பவர் 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களின் கணக்கு அதில் இருக்கிறது: வலக்கை போனால் 600 வெள்ளிக் காசு, இடக்கைக்கு 500, வலக்காலுக்கு 500, இடக்காலுக்கு 400, கண்ணுக்கு 100, விரலுக்கும் அதே 100. காசுக்குப் பதில் அடிமைகளாகவும் வாங்கிக்கொள்ளலாம், வலக்கைக்கு 6 பேர். ஒருவனின் கைக்கு ஆறு மனிதர்களை ஈடு வைத்த கொடுமை அது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் பின்னால் வந்த நீதிபதிகளை முந்திவிட்டார்கள். கொள்ளைப் பணத்தைப் பங்கு பிரிக்கும் முன்பே காயம்பட்டவனுக்கு எடுத்துவைத்துவிடுவார்கள். தவறு யாருடையது என்ற விசாரணை அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்தக் கேள்விதான் அடுத்த நூற்றாண்டுகளில் தொழிலாளியை வதைத்தது. 1835-ல் இங்கிலாந்தில் சார்லஸ் பிரீஸ்ட்லி என்ற பையன் தன் கசாப்புக்கடை முதலாளியின் இறைச்சி வண்டியில் போனான். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து அவன் தொடையெலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 1837-ல் நீதிபதி அபிங்கர் பிரபு அதைத் தட்டிவிட்டார். இதை அனுமதித்தால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்ததற்கெல்லாம் எஜமானர் மேல் வழக்கு வருமாம்! ஐந்து ஆண்டு கழித்து இந்த வாதம் அட்லாண்டிக்கைத் தாண்டியது. மாசசூசெட்ஸில் ஃபார்வெல் என்ற ரயில் ஓட்டுநர் சக ஊழியர் ஒருவர் தண்டவாள மாற்றியைச் சரியாக வைக்காததால் கையை இழந்தார். ஆபத்துக்கான விலை அவர் கூலியிலேயே அடங்கியிருக்கிறது என்று சொல்லி நீதிபதி லெமுவெல் ஷா கைவிரித்தார்.

மாற்றம் வந்த திசை யாரும் எதிர்பாராதது. சோஷலிஸ்டுகளை 1878-ல் சட்டம் போட்டு ஒடுக்கிய ஜெர்மனியின் பிஸ்மார்க்தான் 1884-ல் விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தார். தொழிலாளிகள் எதிரணிக்குப் போய்விடக் கூடாது என்ற அரசியல் கணக்குதான். ஆனால் அமைப்பு உறுதியானது. முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் கூடிப் பணம் போட்டார்கள். முழுவதும் முடங்கியவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. இங்கிலாந்து 1897-ல் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் முயற்சியில் வேறு வழியில் போனது. பொது நிதி கிடையாது; அந்தந்த முதலாளியே பொறுப்பு. அவர்கள் காப்பீட்டு நிறுவனங்களை நாடினார்கள். இரண்டு முறைக்கும் அடியில் இருந்த பேரம் ஒன்றுதான்: தொழிலாளி பெருந்தொகை கேட்டு வழக்காடுவதை விட்டுக்கொடுக்கிறார், முதலாளி 'உன் தப்பு' என்று சொல்வதை விட்டுக்கொடுக்கிறார்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1910-ல் இதைப் பின்பற்றியது. தவறு செய்யாத முதலாளியின் சொத்தைப் பறிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1911 மார்ச் 24 அன்று மாநில உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறுநாள் மாலை அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். உரிமையாளர்கள் குற்றவியல் வழக்கில் விடுதலையானார்கள். வழக்காடிய குடும்பங்களுக்கு மூன்று ஆண்டு கழித்து உயிர் ஒன்றுக்கு 75 டாலர் கிடைத்தது. இழப்பீட்டுச் சட்டத்துக்கு இடம் தர 1913-ல் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள்.

இந்தியாவுக்கு வந்தது சேம்பர்லினின் பிரதி. 1923-ல் இயற்றி, 1924 ஜூலை 1 முதல் அமலான தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 'வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து' என்ற பிரிட்டிஷ் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. 1934-ல் இலங்கையிலும் இதுபோன்றதொரு சட்டம் வந்தது. பிஸ்மார்க்கின் பொது நிதி யோசனை நம்மிடம் வர 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டம் வரை ஆனது; பேராசிரியர் அடார்க்கர் 1944-ல் தந்த அறிக்கை அதற்கு அடித்தளம். 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கினார்கள். வேலையில் அடிபட்டு வீட்டிலிருக்கும் காலத்துக்கு ஈ.எஸ்.ஐ. சம்பளத்தில் சுமார் 90 விழுக்காடு தருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இது பொருந்தும். பலருக்கு இது தெரிவதில்லை என்பது வருத்தம் தருகிறது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு 1923-ன் சட்டத்திலிருந்து வந்த கணக்கு. 40 வயதுக்காரர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய், கட்டைவிரல் போய்விட்டது. சம்பளத்தில் 60 விழுக்காடு 9,000. அதை அவர் வயதுக்குரிய 184.17-ஆல் பெருக்கி, அதில் 30 விழுக்காடு எடுத்தால் சுமார் 4 லட்சத்து 97 ஆயிரம். இதில் எங்கேயும் முதலாளியின் இரக்கத்துக்கு ஓர் எண் இல்லை.

ஆகவேதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபதாயிரத்தைக் கையில் திணித்து 'செட்டில்மென்ட்' என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தத்தைச் சட்டமே செல்லாது என்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்குரிய பணத்தைத் அதற்கான அதிகாரியிடம்தான் கட்டவேண்டும்; முதலாளி நேரில் கொடுத்த தொகை இழப்பீடாகக் கணக்கில் சேராது. ஒரு மாதத்துக்குமேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால், அதற்கு மேலும் பாதித் தொகை வரை அபராதம்.