சடுகுடுவிலிருந்து கபடிக்கு: ஆசியக் கூட்டமைப்பின் ஆளுகையும் தமிழக ஆட்டக்களமும்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்தோறும் வேறுபட்ட முறைகளில் ஆடப்பட்ட சடுகுடு, இருபதாம் நூற்றாண்டில் ஒரே விதிநூலுக்கு உட்பட்ட கபடியாக மாறியது. 1978இல் தோன்றிய ஆசிய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு இம்மாற்றத்தை நாடுகளின் எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றது. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தை நோக்குநிலையாகக் கொண்டு அவ்வாளுகையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. விதிகள் ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்திய அளவிற்கு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சடுகுடு, கபடி, ஆசியக் கூட்டமைப்பு, விதி ஒருமை, விளையாட்டு நிர்வாகம், திருச்சிராப்பள்ளி.

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத் தீவு, கிழக்கே கல்லணை வரை நீள்கிறது. கல்லணையை அடுத்த திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016இல் அகமதாபாத்தில் உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார். காவிரிக்கரை ஊர் ஒன்றின் மண்களத்திலிருந்து உலகக்கோப்பைக் களம் வரை ஒருவர் செல்ல, திறமை மட்டும் போதாது. மாவட்டக் கழகம், மாநிலக் கழகம், தேசியக் கூட்டமைப்பு, அதற்கு மேல் ஆசிய, உலக அமைப்புகள் எனப் படிநிலைகள் பல உள்ளன. இப்படிநிலைகள் எவ்வாறு அமைந்தன, அவை ஆட்டக்காரருக்குத் தந்தவை யாவை, அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவை யாவை என்பன இங்கு ஆராயப்படும் வினாக்கள்.

விதி ஒருமையும் தேசிய அமைப்பும்

கபடி ஒரே ஆட்டமாகத் தொடங்கவில்லை. வங்கத்தில் ஹா-டூ-டூ என்றும், தமிழகத்தில் சடுகுடு, பலீன் சடுகுடு என்றும் பெயர்கள் வழங்கின. ஆடும் முறைகளிலும் வேறுபாடு இருந்தது. எதிரணியில் ஒருவர் வெளியேற, தம் அணியில் வெளியேறிய ஒருவர் மீண்டும் உள்ளே வருவது சஞ்சீவினி முறை. வெளியேறியவர் திரும்பாமலே ஆட்டம் முடிவது காமினி முறை. தொடப்பட்டவர் களத்திலேயே நிற்க, புள்ளி மட்டும் கணக்கிடப்படுவது அமர் முறை. மராட்டிய உடற்பயிற்சி அமைப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதிகளை எழுத்தில் வகுத்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கு இவ்வாட்டத்தை நிகழ்த்திக் காட்டியது.

1950இல் அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடைபெற்றது. எனவே தமிழகம் இவ்வரலாற்றில் பின்னர் வந்து சேர்ந்த பகுதியன்று. தேசிய ஒருங்கிணைப்பின் தொடக்கக் களமாகவே அது இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு உருவானபோது, அண்டை நாடுகளில் ஆட்டத்தைப் பரப்புவதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

ஆசிய அமைப்பின் தோற்றம்

1978இல் பிலாய் நகரில் தேசியக் கபடி வெள்ளிவிழா கொண்டாடப்பட்டபோது ஆசிய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. 1980இல் முதல் ஆசியப் போட்டி நடைபெற்றது. இந்தியா முதலிடமும் வங்கதேசம் இரண்டாமிடமும் பெற்றன. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் கபடி காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. அதே ஆண்டில் தில்லியில் ஆசிய ஒலிம்பிக் மன்றமும் தோன்றியது. 1990 பெய்ஜிங்கில் கபடி பதக்க ஆட்டமாயிற்று. 2010 குவாங்சோவில் பெண்கள் பிரிவு சேர்க்கப்பட்டது. பன்னாட்டுக் கபடிக் கூட்டமைப்போ 2004இல்தான் உருவானது.

இக்கால வரிசை கவனத்திற்குரியது. பல விளையாட்டுகளில் உலக அமைப்பு முன்னே தோன்றி, கண்டம்சார் அமைப்புகள் அதன் கிளைகளாக அமைந்தன. கபடியில் ஆசிய அமைப்பு கால் நூற்றாண்டு முந்தியது. ஆகவே உலக அரங்கில் இன்று காணப்படும் நிர்வாக முறையின் வேர் ஆசிய அமைப்பிலும், அதனை உருவாக்கிய இந்தியக் கூட்டமைப்பிலும் இருக்கிறது.

களத்தில் நிகழ்ந்த மாற்றங்கள்

விதி ஒருமை ஆட்டத்தின் உருவத்தை மாற்றியது. ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பெண்களுக்கு 12 மீட்டர், 8 மீட்டர். களத்தில் எழுவர் ஆடுவர். எடைக்கு உச்ச வரம்பு உண்டு. மண்ணின் இடத்தைச் செயற்கை விரிப்பு பிடித்தது. விரிப்பும் அதற்குரிய காலணியும் செலவு மிகுந்தவை. ஆற்றுமணலில் ஆடிப் பழகிய சிற்றூர் அணிக்கு இது புதிய சுமை.

இவற்றினும் ஆழமான மாற்றம் ஒலியில் நிகழ்ந்தது. தமிழகத்தில் எதிரணிக் களத்திற்குள் செல்வதைப் ‘பாடுதல்’ என்றே கூறுவர். பாடிச் செல்பவர் ஊருக்கு ஊர் வேறுபட்ட அடிகளைச் சொல்லிச் செல்வது வழக்கம்; நாட்டுப்புற விளையாட்டுப் பாடல்களுள் சடுகுடுப் பாடல் தனி வகையாகவே எண்ணப்படுகிறது. பன்னாட்டு விதியோ ‘கபடி’ என்னும் ஒரு சொல்லை மட்டுமே ஏற்கிறது. மூச்சின் நீளத்தால் அளக்கப்பட்ட பாடுதலுக்கு 30 வினாடி என்னும் கடிகார எல்லை வந்தது. மொழி வேறுபட்ட நாடுகள் மோதும்போது நடுவர் செவிமடுக்கத்தக்க ஒரே சொல் தேவை என்பது மறுக்கவியலாதது. அதே வேளையில், ஒரு வாய்மொழி இலக்கிய வகை அதன் இயல்பான களத்தை இழந்தது என்பதும் பதிவு செய்யப்பட வேண்டியது.

இவ்விழப்பிற்கு ஈடாகக் கிடைத்தது ஏற்பு. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்று, அர்ச்சுனா விருதும் பெற்றார். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள சூழலில், ஏற்புடைய கூட்டமைப்பின் சான்றிதழ் வாழ்வாதாரத்தோடு தொடர்புடையதாகிறது. 2024 சனவரியில் திருச்சிராப்பள்ளி அண்ணா விளையாட்டரங்கில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் களரிப்பயட்டு, மல்லர்கம்பம் ஆகியவை நடைபெற்றன. தேசிய ஏற்பைப் பெற்ற அவ்விரு மரபுக் கலைகளும் ஆசிய விளையாட்டின் பதக்கப் பட்டியலில் இல்லை. கபடிக்கு ஆசிய அமைப்பு ஈட்டித் தந்தது எது என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்தும்.

நிர்வாகத்தில் தோன்றிய நெருக்கடி

ஜனார்தன் சிங் கெலோட் 1984 முதல் ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் இந்தியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். 2004இல் உலக அமைப்பின் முதல் தலைவருமானார். அவருக்குப் பின் அவர் துணைவியார் மிருதுல் பதோரியா இந்தியக் கூட்டமைப்பின் தலைவரானார். கெலோட் வாழ்நாள் தலைவராக்கப்பட்டார். கபடி பரவியதில் கெலோட்டின் பங்கு பெரிது. எனினும் 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் இவ்வேற்பாட்டைச் செல்லாதெனக் கூறி, நிர்வாகி ஒருவரை நியமித்தது. அதே மாதம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இருபாலர் பிரிவிலும் ஈரான் தங்கம் வென்றது. ஒரே நாட்டின் ஆட்டம் என்னும் நிலையைக் கபடி கடந்துவிட்டதை அவ்வெற்றி காட்டியது.

தேர்ந்தெடுக்கப்பட்ட குழு பொறுப்பில் இல்லாத நிலையில், பின்னாளில் பன்னாட்டு அமைப்பு இந்தியக் கூட்டமைப்பின் இணைப்பை இடைநிறுத்தியது. ஆசியப் பெண்கள் போட்டியில் பங்கேற்கும் வாய்ப்பு கைநழுவும் நிலையில் ஆட்டக்காரர் இருவர் உச்சநீதிமன்றத்தை நாடினர். 2023 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த குழுவிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த மாதம் தெஹ்ரானில் இந்தியப் பெண்கள் ஈரானை 32-25 என வென்று கோப்பையைப் பெற்றனர். களத்தில் வெல்லும் ஆற்றலுடையோர் களத்தில் இறங்குவதற்கே நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது என்பதே இந்நிகழ்வின் சாரம்.

விதி தொடர்பான நெருக்கடியும் தனியே எழுந்தது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் தனக்கெனச் சில விதிகளை வகுத்துக்கொண்டது. 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் இறுதியாட்டம் 28-28 என இருந்தபோது, பவன் செராவத் யாரையும் தொடாமல் பக்கப்பகுதிக்குள் சென்றார். ஈரான் தடுப்பாளர்கள் அவரைத் தொடர்ந்தனர். பன்னாட்டு விதியும் லீக் விதியும் இந்நிலைக்கு வெவ்வேறு தீர்வு கூறின. நடுவர் முடிவு மாறி மாறி அறிவிக்கப்பட, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33-29 என வென்றது. ஒரே விதி என்பதே ஆசிய அமைப்பு தோன்றிய காரணம். அவ்வொருமையே ஆசியாவின் உயரிய இறுதியாட்டத்தில் கேள்விக்குள்ளானது.

முடிவுரை

ஆசியக் கூட்டமைப்பு கபடிக்குக் களம், விதி, பதக்கம், ஏற்பு ஆகியவற்றைப் பெற்றுத் தந்தது. திருவரங்கத்தில் ஆடும் ஓர் இளைஞருக்கும் ஆசியப் பதக்கத்திற்கும் இடையே வழி உள்ளதென்றால், அது இவ்வமைப்புவழி வந்ததே. ஆயின் அது ஒற்றை வழி. எந்தப் படி பழுதுபட்டாலும் அதற்குக் கீழுள்ளோர் அனைவரும் மேலே செல்ல இயலாமல் நிற்கின்றனர். ஆட்டக்காரரின் எடை, மூச்சு, வாயில் ஒலிக்கும் சொல் ஆகியவற்றை வரையறுத்த விதிநூல், நிர்வாகிகளின் பதவிக்காலத்தையும் தேர்தலையும் அதே துல்லியத்தோடு வரையறுக்கத் தவறியது. அப்பணி நீதிமன்றத்தின் பொறுப்பாயிற்று. சிலம்பம் போன்ற பிற மரபு விளையாட்டுகளும் ஆசிய ஏற்பை நாடும் இக்காலத்தில், ஆட்ட விதிகளை ஒருமைப்படுத்தும்போதே நிர்வாகப் பொறுப்புடைமையையும் வகுப்பது தேவை என்பதே கபடியின் வரலாறு உணர்த்தும் பாடம்.