வியாழக்கிழமை இடிமழைன்னு திங்கக்கிழமையே எப்படிச் சொல்றாங்க?

எங்க ஆர்.கே.பேட்டை பக்கம் கோடை மழை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். மத்தியானம் சித்தூர் பக்கம் மேகம் திரளும், சாயங்காலம் எங்களை நனைக்கும், ராத்திரி சென்னைப் பக்கம் நகரும். மேற்கே கறுத்தா களத்துல இருக்கிறதை மூடணும்னு எங்க பெரியவங்களுக்குத் தெரியும். ஆனா அதுல கிடைக்கிற அவகாசம் ரெண்டு மூணு மணி நேரம். வேர்க்கடலை பிடுங்கறவனுக்கு அது பத்தாது. பிடுங்கின செடி சில நாளாவது வெயில் காணணும். நனைஞ்சா காய் கறுத்துப் பூசணம் பிடிக்கும், வியாபாரி வாய்க்கு வந்த விலை கேப்பான்.

இந்தக் கவலை சர்க்காருக்கு வர ரொம்ப காலம் ஆச்சு. நுங்கம்பாக்கத்துல கும்பினிக்காரங்க வானாய்வுக்கூடம் வெச்சது 1792-ல. 1796-லிருந்து கோல்டிங்ஹாம்ங்கிற துரை வானிலையைப் பதிவு பண்ணினார். பதிவுதான், முன்கூட்டிச் சொல்றது இல்லை. 1864-ல கல்கத்தாவைப் புயல் அடிச்சுது, 1866-லயும் 1871-லயும் பருவமழை பொய்ச்சுது. அப்புறம்தான் 1875-ல இந்திய வானிலை ஆய்வுத் துறை வந்தது. கப்பலுக்குப் புயல், வரி வசூலுக்குப் பருவமழை. (வரின்னு சொல்றது நான்.) இடிமழை பெரிசா யார் கணக்குலயும் இல்லை.

1945-ல விவசாயிகளுக்குன்னு தனி வானிலை அறிக்கை ஆரம்பிச்சாங்க. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ன்னு சொன்னா பலர் கேலி பண்ணுவாங்க. நான் பண்ண மாட்டேன். புயல் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள் கணக்கா உயிரோட இருக்கும். தனி இடிமேகம் பத்து கிலோமீட்டர் இருந்தாலே பெரிசு, ஒரு மணி நேரத்துல கரைஞ்சிடும். அமெரிக்காவுல எட்வர்ட் லோரன்ஸ் 1963-ல ஒண்ணு காட்டினார்: துவக்கத்துல துளி பிசகினாலும் பின்னால கணக்கு எங்கேயோ போயிடும். மேகம் சின்னதா இருக்க இருக்க கணிப்பு சீக்கிரம் கெடும்னு 1969-ல எழுதினார்.

அதனால நாலு நாள் முன்னாடி மேகத்தைத் தேடிப் பிரயோசனமில்லை. மேகம் பிறக்கிற நிலைமையைத் தேடணும். கீழே ஈரமான சூட்டுக் காத்து, உயரத்துல குளிர்ச்சி, கீழ்க்காத்தை மேலே தூக்கிவிட ஏதாவது ஒண்ணு. நம்ம பக்கம் கடல்காத்தும் மேக்கத்திக் காத்தும் மோதுற இடம் அந்த வேலையைச் செய்யும். மீனம்பாக்கத்துல பலூன் விட்டு மேல்வானத்தை அளக்கிறது இதுக்கும்தான்.

இதைக் கணக்குப் போட பெரிய கம்ப்யூட்டர் வேணும். 1988-ல டெல்லியில அதுக்குன்னு ஒரு மையம் வந்தது, அமெரிக்காவுலேருந்து கிரே சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கினாங்க. மூணு நாளுக்கு மேல, பத்து நாள் வரைக்குமான கணிப்பு விவசாயத்துக்கு உதவணும்னு ஆரம்பிச்சது. 2002-ல சென்னையில டாப்ளர் ரேடார் வந்தது. அது எதிரே நிக்கிற மேகத்தைக் காட்டும், பிறக்காத மேகத்தைக் காட்டாது. 2018 மே மாசம் வடக்கே புழுதிப்புயலும் இடியும் நூறு பேருக்கு மேல கொன்னுது. அடுத்த மாசமே புதுக் கணிப்பு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்க. துவக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி ஒரே கணக்கை 21 தடவை போடுவாங்க. நிறைய தடவை மழைன்னு வந்தா வாய்ப்பு அதிகம்.

அப்பவும் திங்கக்கிழமை அறிக்கை திருவள்ளூர் மாவட்டம்னுதான் சொல்லும். ஆர்.கே.பேட்டையா பள்ளிப்பட்டான்னு வியாழக்கிழமை மத்தியானம் ரேடார் படத்துலதான் தெரியும். நான் திங்கக்கிழமை அதைப் பார்த்துட்டு கடலை பிடுங்க ஆள் சொல்றதைத் தள்ளி வைப்பேன். ஏற்கெனவே பிடுங்கிப் போட்டிருந்தா, அன்னைக்கே தார்ப்பாய் தேடுவேன்.