குறிஞ்சியும் குந்தியானாவும்

குறிஞ்சி என்றதும் இலக்கிய அன்பர்களின் நினைவில் முதலில் எழுவது தொல்காப்பியத்தின் திணைப் பகுப்பே. நிலம், பொழுது, ஒழுக்கம் ஆகியவற்றை ஒரு பூவின் பெயரால் தொகுத்த வகைப்பாடு அது. அதே பூவைத் தாவரவியலார் எங்கே வைப்பது என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் விவாதித்தனர். அவ்வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் பெயர். நீலக்குறிஞ்சியின் தாவரவியற் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இதன் பிற்பகுதி அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையிலிருந்து வந்தது எனப் பலர் எழுதுகின்றனர். கேட்க இனிமையாக இருப்பினும் இது பிழை. அப்பெயர் கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் (1788-1850) என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளரைச் சிறப்பிக்க இடப்பட்டது. ஹம்போல்ட்டும் போன்பிளானும் அமெரிக்கக் கண்டத்தில் திரட்டிய செடிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர்.

இப்பெயரை இட்டவர் நீஸ் ஃபான் ஏசன்பெக். கல்கத்தா தாவரவியற் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வாலிக், தாம் சேர்த்திருந்த பெருந்தொகையான உலர்செடிகளை 1828-இல் இலண்டனுக்குக் கொண்டுசென்று அறிஞர்களிடையே பகிர்ந்தளித்தார். அவற்றுள் ஆடாதோடைக் குடும்பத்துச் செடிகளை ஆராயும் பொறுப்பு நீஸிடம் வந்தது. 1832-இல் அவர் நம் குறிஞ்சிக்கு இட்ட பெயர் ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம். ஃப்ளெபோஃபில்லம் என்றால் நரம்போடிய இலை என்று பொருள். மலைச்சரிவையே நிறம் மாற்றும் பூவையுடைய செடி, ஐரோப்பிய ஏட்டில் தன் இலையால் பெயர் பெற்றது!

ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினம் அதற்கு முன்பே இருந்தது. ஜாவாவில் பணியாற்றிய ப்ளூமே 1826-இல் அதனை நிறுவினார். கூம்பு போல் நெருங்கி அடுக்கிய பூங்கொத்தைக் கண்டு இட்ட பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் ஆண்டர்சன், ஜார்ஜ் பெந்தாம் முதலியோர் நீஸின் சிறு பேரினங்கள் பலவற்றை இதனுள் சேர்த்தனர். குறிஞ்சியும் சேர்ந்தது. சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளும் இம்முறையையே பின்பற்றினார்.

1944-இல் டச்சு அறிஞர் பிரெமெகாம்ப் இக்கட்டடத்தைப் பிரித்துப் போட்டார். மகரந்தத் துகளின் மேற்பரப்பு, பூங்கொத்தின் அமைப்பு போன்ற நுண்கூறுகளைக் கொண்டு அவர் வகுத்தவை 54 பேரினங்கள்! நீலகிரியின் பெயரால் நில்கிரியாந்தஸ் பிறந்தது. மராட்டியர் கார்வி என்றழைக்கும் செடி கார்வியா ஆயிற்று. நம் குறிஞ்சி மீண்டும் ஃப்ளெபோஃபில்லம் ஆனது.

ஏன் இத்தனை குழப்பம்? செடியின் இயல்பே ஒரு காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். லின்னேயஸ் காலந்தொட்டே தாவர வகைப்பாடு பெரிதும் பூவைச் சார்ந்தது. நீலக்குறிஞ்சியோ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை விட்டு மடிவது. இடைப்பட்ட ஆண்டுகளில் மலையேறும் ஆய்வாளருக்குக் கிடைப்பது இலையும் தண்டும் மட்டுமே. இப்பேரினத்துப் பிற சிற்றினங்கள் பல தத்தமக்கென வேறு வேறு கால இடைவெளிகளைக் கொண்டவை. ஒருவர் தம் பணிக்காலம் முழுதும் காத்திருந்தாலும் எல்லாவற்றையும் பூவோடு காண்பது அரிது.

2002-இல் மார்க் கரைன், ராபர்ட் ஸ்காட்லாந்து ஆகியோர் பிரெமெகாம்பின் பிரிவுகளை மறுஆய்வு செய்து, அனைத்தையும் ஒரே விரிந்த பேரினமாகக் கொள்வதே தக்கது என்றனர். 2004-இல் வெளிவந்த மரபணு ஆய்வும் அதற்கு வலுச்சேர்த்தது. இன்று ஸ்ட்ரோபிலாந்தஸ் 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பேரினம். எனினும் பழைய பெயர்கள் மறையவில்லை. கேரள ஆயுர்வேதத்தில் பயன்படும் கருங்குறிஞ்சி நில்கிரியாந்தஸ் என்றே இன்றும் பல கட்டுரைகளில் வருகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இடம்பெற்றுள்ளது. சட்டம் காப்பது பட்டியலில் பெயருள்ள சிற்றினத்தை. மக்கள் வழக்கிலோ குறிஞ்சி எனப்படுபவை பல. அவற்றுள் எது பூத்தாலும் "குறிஞ்சி பூத்தது" என்றே செய்தி வருகிறது. பட்டியலில் இல்லாத குறிஞ்சிகளுக்கு அப்பெயரால் வரும் காப்பு இல்லை. பட்டியலில் உள்ள நீலக்குறிஞ்சிக்கும் பூவற்ற ஆண்டுகளில் ஆபத்து உண்டு. அப்போது அதனை வெறும் புதரென எண்ணி வெட்டிவிடுதல் எளிது. நீலகிரியிலும் பழனிமலையிலும் அது வளர்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகைமரத்துக்கும் இடம் கொடுத்து மறைந்ததை நாம் அறிவோம்.

பளியர் குறிஞ்சி பூத்த தடவைகளை எண்ணித் தம் வயதைக் கணக்கிட்டனர் என்பர். 2006-இலும் 2018-இலும் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030-இல் பூக்கும். அப்போது காணச் செல்ல விரும்பும் அன்பர்கள், அதற்கு முன்பே ஒருமுறை சென்று பூவில்லாத அச்செடியை அடையாளம் கண்டுவர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.