பிள்ளை பிறந்தாலும் பட்டம் தொடரலாம்: பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் கர்ப்பிணி மாணவியரும் பெற்றோரான மாணவரும் அறிய வேண்டியவை

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் கல்விக்கு இருக்கும் இடத்தை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டையும் காணியையும் விட்டு வந்தோம். பிள்ளைகளின் படிப்பை மட்டும் விடவில்லை. ஆனால் ஒரு மாணவி கர்ப்பமானால் அதே குடும்பங்களில் முதலில் வரும் வார்த்தை பெரும்பாலும் ‘படிப்பை நிற்பாட்டு’ என்பதாகவே இருக்கிறது. பிரித்தானியாவில் அந்த மாணவிக்கு உள்ள உரிமைகள் பற்றி எம்மில் பலருக்குத் தெரியாதிருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

இந்தக் கேள்வி எம்மிடையே மூன்று விதமானவர்களுக்கு எழுகிறது. இடம்பெயர்வால் பள்ளிப்படிப்பை இழந்து, முப்பது வயதில் பிள்ளைகளோடு தாதியர் கற்கைநெறியில் சேரும் தாய்மார் ஒரு பகுதியினர். இங்கு பிறந்து வளர்ந்து, பட்டப்படிப்பின் நடுவில் கருவுறும் இளம் பெண்கள் இன்னொரு பகுதியினர். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்து படிப்போர் மூன்றாவது பகுதியினர். மூவருக்கும் பொதுவான உரிமைகள் உண்டு. பண உதவியில் மட்டும் பெரிய வேறுபாடுகள் உண்டு. கீழே உள்ள நிதி விபரங்கள் இங்கிலாந்துக்குரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் மாணவர் நிதித் திட்டங்கள் வேறு.

சட்டம் தரும் பாதுகாப்பு

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கும் ஒன்பது அடையாளங்களில் ‘கர்ப்பமும் மகப்பேறும்’ ஒன்று. இது வேலைத்தலத்துக்கு மட்டும் உரியதன்று, பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. கர்ப்பமாக இருப்பதற்காகவோ, குழந்தை பிறந்து 26 வாரங்களுக்குள் பிள்ளை பெற்றதற்காகவோ, அக்காலத்தில் தாய்ப்பால் ஊட்டுவதற்காகவோ ஒரு மாணவியைப் பாதகமாக நடத்த முடியாது. 24 வாரங்களுக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தாலும் இதே பாதுகாப்பு உண்டு. 26 வாரங்கள் கடந்தபின் நடப்பது பால்நிலைப் பாகுபாடாகக் கருதப்படலாம். இச்சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு உரியது; வட அயர்லாந்தில் தனிச் சட்டம் உண்டு.

நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், ‘நீர் கர்ப்பமாக இருப்பதால் இந்த வருடம் வேண்டாம்’ என்று அனுமதியை மறுக்க முடியாது. மாணவி விரும்பாமல் படிப்பை இடைநிறுத்தச் சொல்லவும் முடியாது. மகப்பேற்றுப் பரிசோதனைக்குப் போனதற்காக வரவுக்குறைவு என்று தண்டிப்பதும் பிழை.

அதேவேளை ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊழியர்களுக்குள்ள சட்டரீதியான மகப்பேற்று விடுமுறை மாணவியருக்கு இல்லை. எவ்வளவு காலம் விலகியிருக்கலாம், எப்போது திரும்பலாம் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கொள்கையில் வகுத்திருக்கும். ஆகவே அந்தக் கொள்கை ஆவணத்தைக் கேட்டு வாங்கி வாசிப்பதே முதல் வேலை.

பல்கலைக்கழகத்திடம் கேட்கக்கூடியவை

கர்ப்பத்தை அறிவிக்க வேண்டிய கட்டாயம் மாணவிக்குப் பொதுவாக இல்லை. ஆனால் இரசாயனக் கூடம், கதிர்வீச்சு, மருத்துவமனைப் பயிற்சி, களப்பணி ஆகியவை உள்ள கற்கைநெறிகளில் விரைவில் சொல்வது தாய்க்கும் சிசுவுக்கும் நல்லது. சொன்னபின் எழுத்து வடிவிலான ஆபத்து மதிப்பீட்டையும், அதற்கேற்ற மாற்று ஏற்பாட்டையும் கேட்கலாம்.

பரீட்சையைப் பிற்போடுதல், ஒப்படைகளுக்குக் கால நீடிப்பு, தவறிய விரிவுரைகளின் பதிவுகள், பகுதிநேரத்துக்கு மாறுதல், ஒரு தவணையோ ஒரு வருடமோ இடைநிறுத்தி மீளல், பால் எடுத்து வைக்கவும் ஊட்டவும் ஓர் அறை ஆகியவற்றைக் கேட்பது வழமை. தந்தையாகப் போகும் மாணவரும் பிரசவத்தையொட்டிய விடுப்பைக் கேட்கலாம். பேசி முடித்ததை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்வது பின்னால் உதவும்.

18 வயதைக் கடந்த மாணவி பற்றிய தகவலை அவரது சம்மதமின்றிப் பெற்றோருக்குப் பல்கலைக்கழகம் சொல்ல முடியாது. மருத்துவரும் அப்படியே. கர்ப்பத்தைத் தொடர்வதா இல்லையா என்ற முடிவும் சட்டப்படி அவருடையதே. வீட்டில் சொல்லப் பயந்து, மருத்துவரிடமும் போகாமல் மாதங்களைக் கடத்துவதே இளம் பெண்களுக்கு உள்ள பெரிய ஆபத்து.

பணம் எங்கிருந்து வரும்

இங்கிலாந்தின் மாணவர் நிதியுதவிக்குத் தகுதியுள்ள முழுநேரப் பட்டப்படிப்பு மாணவருக்குக் குழந்தைப் பராமரிப்பு மானியம் உண்டு. 15 வயதுக்குட்பட்ட பிள்ளை, விசேட கல்வித் தேவையிருந்தால் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்க வேண்டும். வாராந்த உச்சவரம்புக்குள் பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துத் தொகை மாறும். திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. ஆனால் பராமரிப்பவர் ஒப்ஸ்டெட்டில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அம்மம்மா வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இந்த மானியம் வராது. யூனிவேர்சல் கிரெடிட்டின் பராமரிப்புப் பகுதியையோ வரியில்லாப் பராமரிப்புத் திட்டத்தையோ பெறுவோர் இதனையும் சேர்த்துப் பெற முடியாது. முதுகலைக் கடன் பெறுவோருக்கும் இது இல்லை.

பெற்றோருக்கான கற்றல் கொடுப்பனவு இன்னொன்று. புத்தகம், பயணம் போன்றவற்றுக்காக வருடத்துக்கு அதிகபட்சம் சுமார் 2,000 பவுண்ஸ் கிடைக்கும். இதனையும் திருப்பித் தர வேண்டியதில்லை. தாதியர், மருத்துவமாது உள்ளிட்ட சுகாதாரக் கற்கைநெறிகளில் இருப்போருக்கு என்எச்எஸ் கற்றல் ஆதரவு நிதியிலிருந்து வருடத்துக்கு 5,000 பவுண்ஸ் பயிற்சி மானியமும், பிள்ளையுள்ளவருக்கு மேலதிகமாக 2,000 பவுண்ஸும் உண்டு.

முழுநேர மாணவர் பெரும்பாலோருக்கு யூனிவேர்சல் கிரெடிட் இல்லை. பிள்ளையைப் பொறுப்பேற்றிருக்கும் மாணவருக்கு அது உண்டு. வாழ்க்கைச் செலவுக் கடன் வருமானமாகக் கணக்கிடப்படும். கோடை விடுமுறையில் அப்படிக் கணக்கிடப்படாது. இவ்வகை உதவி பெறுவோர் முதல் பிள்ளைக்கு 500 பவுண்ஸ் மகப்பேற்று மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பிள்ளை பிறந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

கடையிலோ பராமரிப்பு இல்லத்திலோ பகுதிநேரமாக வேலை செய்யும் மாணவியர் மகப்பேற்றுக் கொடுப்பனவைத் தவற விடக்கூடாது. பிரசவத் திகதிக்கு முந்திய 66 வாரங்களில் 26 வாரங்கள் வேலை செய்து, அவற்றில் 13 வாரங்களில் வாரம் 30 பவுண்ஸாவது உழைத்திருந்தால் 39 வாரங்கள் வரை இது கிடைக்கலாம். 20ஆவது வாரத்திலிருந்து மருத்துவமாது தரும் மாட்-பி-1 சான்றிதழே இதற்கு ஆதாரம்.

இலவசப் பராமரிப்பு நேரத்தில் ஒரு குறை இருக்கிறது. ஒன்பது மாதத்திலிருந்து கிடைக்கும் 30 மணிநேரம் ‘உழைக்கும் பெற்றோருக்கு’ மட்டுமே. குறிப்பிட்ட அளவு சம்பளம் இல்லாத மாணவிக்கு அது இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள 15 மணிநேரம் அவருக்கும் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் நேர்சரியில் இடம் பிடித்துவிட்டுக் கட்டணத்தில் சிக்க வேண்டாம்.

இடைநிறுத்தினால் மாணவர் நிதி நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கொடுப்பனவு நின்றுவிடலாம், கஷ்டமானால் தொடருமாறு விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தால், கர்ப்பத்தைத் தவிர்க்க முடியாத தனிப்பட்ட காரணமாக ஆதாரத்துடன் காட்டி, அவ்வருடத்துக்கும் நிதி கேட்க முடியும்.

விசாவிலும் தஞ்சக் கோரிக்கையிலும் இருப்போர்

மாணவர் விசாவில் இருப்போருக்குப் பொது நிதி கிடையாது; யூனிவேர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட் இரண்டும் இல்லை. ஆனால் மகப்பேற்றுக் கொடுப்பனவு பொது நிதிப் பட்டியலில் இல்லை, தகுதியிருந்தால் பெறலாம். குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் செலுத்தியவருக்குப் பிரசவம் என்எச்எஸ்ஸில் இலவசம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கும் இலவசம். கட்டணம் விதிக்கப்படக்கூடியவருக்கும்கூட, பணம் கட்டவில்லை என்பதற்காக மகப்பேற்றுச் சிகிச்சையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது.

படிப்பை 60 நாட்களுக்கு மேல் இடைநிறுத்தினால் பல்கலைக்கழகம் பொதுவாக விசா அனுசரணையை நிறுத்த வேண்டியிருக்கும். எனவே விடுப்புக் கேட்கும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் பேசுங்கள்.

1983 ஜனவரி 1க்குப் பின் இங்கு பிறப்பதனால் மட்டும் பிள்ளை பிரித்தானியக் குடிமகன் ஆவதில்லை. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உடையவராக இருக்க வேண்டும். பெற்றோர் பின்னர் நிரந்தர வதிவிடம் பெற்றால் பிள்ளையைக் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். இலங்கைக் குடியுரிமைக்குப் பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். அகதி அந்தஸ்துடையோர் அந்தத் தூதரகத்தை அணுகும் முன் கட்டாயம் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் மூன்று வருட வதிவிடத்துக்காகக் காத்திராமல் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கு அது இல்லை. அவர்களுக்காகச் சில பல்கலைக்கழகங்கள் தஞ்சப் புலமைப்பரிசில்கள் வைத்திருக்கின்றன.

மறுக்கப்பட்டால்

முதலில் பல்கலைக்கழகத்தின் உள்ளக முறைப்பாடு. மாணவர் ஒன்றியத்தின் ஆலோசனைப் பிரிவு இதற்கு இலவசமாக உதவும். அங்கு முடிவு திருப்தியில்லையென்றால் இறுதிக் கடிதம் கிடைத்து 12 மாதங்களுக்குள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான சுயாதீனத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். பாகுபாட்டுக்காக நீதிமன்றம் போவதானால் காலம் குறைவு. சம்பவம் நடந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

வீட்டாரிடம்

சட்டமும் மானியமும் எவ்வளவு இருந்தாலும், விடியற்காலையில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் மாணவி பரீட்சைக்குப் போக முடியும். பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பதிலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதிலும் எமது அம்மாமாரும் மாமிமாரும் குறை வைப்பதில்லை. அதே கைகள், தவணை தொடங்கும் நாளில் பிள்ளையை வாங்கிக்கொண்டு மகளையோ மருமகளையோ விரிவுரைக்கு அனுப்பவும் வேண்டும். தந்தையான இளைஞரும் இரவுப் பாலூட்டலிலும் நேர்சரிப் பயணத்திலும் சம பங்கெடுக்க வேண்டும்.

திருமணமாகாத மகள் கருவுற்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எமக்குப் புரிகிறது. ஊர் பேச்சு ஓரிரு வருடத்தில் அடங்கிவிடும். பட்டம் இல்லாத ஒரு தாயின் சம்பளமும் அவளது பிள்ளையின் வாழ்வும் அதன்பின் பல தசாப்தங்கள் போகும். இந்தச் செய்தியோடு மகள் உங்களிடம் வந்தால் மருத்துவமாதுவிடமும் பல்கலைக்கழக ஆலோசகரிடமும் அவளோடு சேர்ந்து போங்கள். பதிவை ரத்துச் செய்யும் படிவத்தில் அதற்கு முன் கையெழுத்திட விடாதீர்கள்.