எலிக்கு விளையாட்டு

"பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது" என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வலியவன் பொழுதுபோக்காக எண்ணுவது மெலியவனுக்கு உயிர்ப் போராட்டமாக முடிவதை அது சில சொற்களிலே சொல்லிவிடுகிறது. இந்தப் பழமொழியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, எலிக்கு விளையாட்டையும் பூனைக்குச் சீவன் போகும் அவதியையும் பங்கிட்டுக் கொடுத்து, பல தேசத்தாரையும் சிரிக்க வைத்த படவரிசை ஒன்று 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றியது. டொம் என்னும் பூனையையும் ஜெரி என்னும் சுண்டெலியையும் அறியாத சிறுவர் இன்று அரியர். ஆனால், அவ்விரு பிராணிகளின் ஓயாப் பகையைப் படைத்தவர்களின் வரலாறு படத்தைப்போல அத்தனை வேடிக்கையானதன்று.

அடியும் உதையும், வழுக்கி விழுதலும் துரத்தி ஓடுதலும் நகைச்சுவைக்குப் பொருளாவது புதிதன்று. பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கோலொன்றைக் கையில் வைத்திருப்பர். அதனால் ஒருவனை அடித்தால் பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் பெருஞ்சத்தம் எழும். அடிபட்டவனுக்கோ நோவு அதிகம் இராது. ஸ்லாப்ஸ்டிக் என்று அக்கோலுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே நாளடைவில் அடிதடி நகைச்சுவை முழுவதற்கும் பெயராயிற்று. சத்தம் பெரிது, நோவு சிறிது என்னும் இந்த உடன்படிக்கை நிலைக்குமட்டுமே சபையோர் சிரிப்பர். நோவு மெய்யானது என்று தோன்றிய கணமே சிரிப்பு அடங்கிவிடும்.

பேசாப் படக் காலத்தில் இந்தக் கலை உச்சம் பெற்றது. மாக் செனற் 1912இல் நிறுவிய கீஸ்டோன் நிலையத்துப் படங்களும், சார்ளி சப்ளின், பஸ்ரர் கீற்றன் ஆகியோரின் படங்களும் இதற்குச் சான்று. லோரல், ஹார்டி என்ற இருவர் 1929இல் நடித்த "பிக் பிஸினஸ்" என்ற படத்தை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறல் தகும். நத்தார் மரம் விற்க வந்த இவ்விருவரும் ஒரு வீட்டுக்காரனோடு பிணங்கிக்கொள்கின்றனர். அவன் இவர்களுடைய மோட்டார் வண்டியைப் பிய்த்தெறிகிறான். இவர்கள் அவனுடைய வீட்டை உடைக்கின்றனர். ஆயினும், ஒரு கட்சியார் உடைக்கும்போது மறு கட்சியார் தடுப்பதில்லை. பொறுமையாகப் பார்த்து நின்று, தம் முறை வந்ததும் தொடங்குகின்றனர். சிரிப்பு உடைப்பதில் பிறக்கவில்லை. காத்து நிற்பதிற் பிறக்கிறது. பேசும் படம் வந்தபின் நகைச்சுவை பெரிதும் வாய்ப்பேச்சுக்கு இடம் மாறியது. உடலால் சிரிப்பூட்டும் பழைய கலையைச் சுவீகரித்துக் கொண்டவை கையால் வரையப்பட்ட சித்திரப் படங்களே.

வில்லியம் ஹன்னா 1910இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்திற் பிறந்தவர். இளமையில் சக்ஸபோன் வாசிக்கப் பழகியவர். 1930இல் ஹார்மன், ஐசிங் என்ற இருவரது சித்திரப்பட நிலையத்திற் சிறு வேலையொன்றிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். ஜோசப் பார்பெரா 1911இல் நியூயோர்க்கிலே இத்தாலியக் குடும்பமொன்றிற் பிறந்து, வங்கியொன்றிற் பணிபுரிந்துகொண்டே சஞ்சிகைகளுக்கு நகைச்சித்திரம் விற்றவர். 1937இல் இருவரும் ஹொலிவூட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பனியின் சித்திரப்படப் பகுதியிற் சந்தித்தனர். பார்பெராவின் பென்சில் வெகு விரைவானது. வேடிக்கைகள் அவர் கையிலிருந்து ஊற்றெடுத்தன. ஹன்னா சித்திரக்காரர் என்ற வகையில் அத்துணைச் சிறந்தவரல்லர். ஆனால் கால அளவை அவரளவுக்கு உணர்ந்தோர் அந்தத் தொழிலில் மிகச் சிலரே. ஒருவர் கண், மற்றவர் காது எனலாம்.

பூனையையும் எலியையும் வைத்துப் படம் எடுப்போம் என்று இவர்கள் சொன்னபோது உடன்பணியாளர் பலர் பழங்கஞ்சி என்று எள்ளினர். அதில் நியாயமும் இருந்தது. ஜோர்ஜ் ஹெரிமன் என்பவர் வரைந்த பத்திரிகைச் சித்திரத் தொடரிலே எலியொன்று பூனையின் தலைமீது செங்கல் எறியும் வேடிக்கை 1913 தொடக்கம் அமெரிக்கர் அறிந்ததே. ஆயினும் முதற்படம் 1940 பெப்ரவரியில் வெளிவந்தது. அதிற் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குப் பெயரே சொல்லப்படவில்லை. ஹன்னா, பார்பெரா இருவர் பெயரும் படத்திலே குறிக்கப்படவில்லை. ஐசிங் என்பவரின் பெயரே காணப்பட்டது.

அந்த முதற்படம் பழமொழியிலேயே தொடங்குகிறது. பூனை எலியின் வாலைப் பிடித்து இழுத்துக் குரூரமாக விளையாடுகிறது. அந்த அமளியிற் பூச்சாடி உடைந்துவிடுகிறது. இன்னுமொரு பொருளை உடைத்தால் வீட்டை விட்டே துரத்திவிடுவேன் என்று பணிப்பெண் பூனையை எச்சரிக்கிறாள். இதைக் கேட்ட எலி மேசை விளிம்பிலே கண்ணாடிக் கிண்ணமொன்றைத் தூக்கிப் பிடித்து, விழவிடட்டுமா என்று பாவனை காட்டுகிறது. அவ்வளவுதான், வேட்டைக்காரன் வேலைக்காரனாகிவிடுகிறான். எலிக்கு வலிமை வந்தது வீரத்தாலன்று. பூனைக்கு மேலே வேறோர் அதிகாரம் இருந்தமையாலேயே. பின்னர் வந்த படங்களுட் சிறந்தவை பலவும் இந்தச் சூத்திரத்தை வெவ்வேறு வகையிற் கையாண்டவையே. நித்திரை கொள்ளும் நாயை எழுப்பக்கூடாது என்பது "குவயற் பிளீஸ்" என்ற 1945ஆம் ஆண்டுப் படத்தின் கட்டளை. எலி துப்பாக்கியை வெடிக்கச் செய்ய எத்தனிக்கும்போது, சத்தம் எழாதபடி பூனை தன் விரல்களையே குழாய்க்குள் விட்டு அடைத்துக்கொள்கிறது.

படப்பகுதித் தலைவராயிருந்த பிரெட் குயிம்பி இந்த இரட்டையரைத் தொடர விரும்பவில்லை. முதற்படம் ஒஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டதும், டெக்சாஸிலிருந்து படமாளிகை நடத்துநர் ஒருவர் இன்னும் இத்தகைய படம் வருமா என்று எழுதிக் கேட்டதும் அவர் மனத்தை மாற்றின. பெயர் சூட்டுவதற்கு நிலையத்துக்குள்ளேயே போட்டி நடந்தது. ஜோன் கார் என்னும் சித்திரக்காரர் எழுதிய டொம், ஜெரி என்ற பெயர்கள் தெரிவாகி அவருக்கு 50 டொலர் பெற்றுக் கொடுத்தன. வேடிக்கை என்னவெனில், இதே பெயர்களுடன் இரு மனிதர் தோன்றும் வேறொரு சித்திரப்பட வரிசை 1931 முதல் 1933 வரை நியூயோர்க்கில் வெளிவந்திருந்தது. பார்பெரா இளைஞராக அந்த நிலையத்திலேதான் பணிபுரிந்தார்.

இனி, இந்தப் பகை உருவான விதத்தை நோக்குவோம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிடப் படமொன்றுக்கு 10,000க்கு மேற்பட்ட சட்டங்கள் வேண்டும். பார்பெரா கதையைச் சிறு சிறு சித்திரங்களாக வரைந்து கொடுப்பார். ஹன்னா அதனைச் சங்கீதத் தாள்போன்ற ஒரு தாளிலே சட்டம் சட்டமாகக் கணக்கிட்டு எழுதுவார். பூனை பாறைபோன்ற பாரத்தின் கீழ் நிற்கிறது. அது விழப்போவதைப் பார்வையாளர் அறிவர், பூனை அறியாது. அது நிமிர்ந்து நோக்குவதற்கு எத்தனை சட்டம், நம்மை நோக்கித் திரும்பி விழிப்பதற்கு எத்தனை சட்டம், விழுந்தபின் அசையாதிருப்பதற்கு எத்தனை சட்டம் என்பதெல்லாம் வரைவதற்கு முன்னரே முடிவாகிவிடும். நான்கைந்து சட்டம் கூடினாலும் குறைந்தாலும் சிரிப்புக் கெட்டுவிடும். இந்தக் கணக்குக்கு உயிர் கொடுத்தவர்கள் கென்னத் மியூஸ், ஏர்வின் ஸ்பென்ஸ், எட் பார்ஜ், ரே பற்றர்சன் முதலிய சித்திரக்காரர்கள். அடிபட்ட பூனை எழுப்பும் அந்தப் பேரலறல் வேறெவருடையதுமன்று. ஹன்னாவே ஒலிவாங்கியின் முன்னின்று அலறியது.

1944இல் வந்த "மவுஸ் ட்ரபிள்" இம்முறைக்குத் தக்க உதாரணம். எலி பிடிப்பது எப்படி என்ற நூலொன்று டொம்முக்குத் தபாலில் வருகிறது. டொம் அதனை அதிகாரம் அதிகாரமாகப் படித்து, ஒவ்வொன்றையும் சிரத்தையோடு செய்துபார்த்து, ஒவ்வொன்றிலும் அடிபடுகிறது. மூலையில் அகப்பட்ட எலி ஒருபோதும் எதிர்க்காது என்கிறது நூல். சுவருக்கு அப்பால் நடக்கும் சண்டையை நாம் காண்பதில்லை. சத்தத்தை மட்டும் கேட்கிறோம். பின்னர் நைந்த முகத்தோடு வெளிவரும் டொம், அதை நம்பாதீர்கள் என்று ஈனக்குரலிற் கூறுகிறது. அடியைக் காட்டாமல் மறைத்ததே அங்குச் சிரிப்பை மூட்டுகிறது. ஏட்டுக் கல்வியின்மீது இத்தனை நம்பிக்கை வைத்த பூனைமீது இரக்கமும் தோன்றாமற் போவதில்லை. உண்மையில், நல்ல படங்களில் நம் மனம் பாதி வழியிலே எலியை விட்டுப் பூனையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரு பிராணிகளும் பெரும்பாலும் பேசுவதில்லை. பேச்சின் இடத்தை ஸ்கொட் பிராட்லியின் இசை நிரப்பியது. பூனையின் ஒவ்வோர் அடிவைப்புக்கும் ஒரு சுரம், ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஓர் இறக்கம் என்று அவர் எழுதினார். ஜாஸ் இசையும் நாட்டுப் பாடலும் ஒரே படத்தில் ஒன்றையொன்று துரத்தும். 1944இல் வந்த "புற்றிங் ஒன் த டோக்" என்ற படத்தில், நாயின் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எலி ஓடும் காட்சிக்கு, ஷோன்பேர்க் வகுத்த பன்னிரு சுர முறையை அவர் பயன்படுத்தினார். அந்த இசையைக் கேட்கச் சபைகளிற் கூட்டம் சேர்வது அரிது. எலி ஓடியபோதோ உலகமெங்கும் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தனர்.

திரைக்கு உள்ளே மட்டுமா போட்டி? டொம் பியானோ வித்துவானாக வந்து லிஸ்ற்றின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியை வாசிக்க, பியானோவுக்குள் உறங்கிய ஜெரி விழித்துக்கொண்டு குழப்பும் படம் "த கற் கொன்சேர்ற்றோ". ஏறத்தாழ அதே காலத்தில் வோர்னர் கம்பனியாரும் பக்ஸ் பனி என்ற முயலை அதே இராகமாலையை வாசிக்க வைத்துப் படமெடுத்தனர். காட்சிகளும் பல ஒத்திருந்தன. களவாடியவர் நீரே என்று இரு நிலையத்தாரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். பூனைக்கே ஒஸ்கார் கிடைத்தது. 1943 தொடக்கம் இவ்வரிசைக்குக் கிடைத்த ஒஸ்கார் பரிசுகள் மொத்தம் ஏழு. போட்டிக்குத் தெரிவான படங்கள் 13. அதற்குமுன் 1930களில் அப்பரிசு வோல்ற் டிஸ்னியின் குடும்பச் சொத்துப் போலவே இருந்தது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

ஒரு மாசினையும் மறைத்தலாகாது. பூனையை எச்சரித்த அந்தப் பணிப்பெண் கறுப்பினத்தவளாக வரையப்பட்டாள். முழங்காலும் செருப்பும் காட்டப்பட்டனவேயன்றி முகம் பெரும்பாலும் காட்டப்படவில்லை. லிலியன் ரண்டோல்ப் என்ற திறமைமிக்க நடிகை குரல் கொடுத்தார். ஆயினும் பாத்திரம் வெள்ளையர் கற்பித்த பழைய வார்ப்பிலேயே அமைந்தது. வெடியிற் கரிபூசிய முகத்தைக் கறுப்பர் முகமாக்கிக் காட்டும் கேலிகளும் பல இடங்களில் உண்டு. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் இவற்றைக் கண்டித்தது. 1952க்குப் பின் அப்பாத்திரம் வரவில்லை. அடிபடும் பூனைக்கு நோவில்லை என்று சொல்லிச் சிரிக்கலாம். இந்தக் கேலியோ மெய்யான மனிதர்மீது விழுந்தது. கோமாளியின் பலகைக்கோல் தந்த உடன்படிக்கை இங்கே மீறப்பட்டது.

ஒஸ்கார் மேடைக்கு வருவோம். ஏழு முறையும் சிலையைப் பெற்றுக்கொண்டவர் பிரெட் குயிம்பி. படங்களைப் படைத்த இருவரும் மேடைக்கு அழைக்கப்படவில்லை. தயாரிப்பாளர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. விதி அவர் பக்கமே. 1955இல் அவர் ஓய்வு பெற்றபின் ஹன்னாவும் பார்பெராவும் தயாரிப்பாளராயினர். ஆனால் அதற்குள் தொலைக்காட்சி வளர்ந்துவிட்டது. பழைய படமொன்றை மறுபடி வெளியிட்டாற் புதிய படத்தின் வருவாயில் ஏறத்தாழ 90 வீதம் கிடைக்கிறது என்று கம்பனிக் கணக்கர் கண்டனர். அவர்கள் சிறந்த படம் எடுத்ததே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. 1957இல் ஒரு தொலைபேசி அழைப்போடு சித்திரப்படப் பகுதி மூடப்பட்டது. இரு பத்தாண்டு உழைத்த கலைஞர் கூட்டம் கலைந்தது. கையிருந்த படங்கள் 1958 வரை வெளிவந்தன. இவ்விருவர் இயக்கிய டொம், ஜெரி படங்கள் 114.

வேலையிழந்த இருவரும் சொந்த நிலையம் ஆரம்பித்துத் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்க முற்பட்டனர். அங்கே கிடைத்த பணமோ முன்னைய செலவிற் பத்திலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே உடல் அசையாது வாய்மட்டும் அசையும் முறையைக் கையாண்டனர். துரத்தலின் இடத்தைப் பேச்சு பிடித்தது. அம்முறையால் 1960இல் "பிளின்ஸ்ரோன்ஸ்" தோன்றி அவர்களைச் செல்வராக்கியது என்பது வேறு கதை. டொம்மும் ஜெரியும் வேறு கைகளுக்கு மாறினர். 1961, 1962 ஆண்டுகளில் ஜீன் டைச் பிராக் நகரிலே குறைந்த பணத்தில் 13 படங்கள் எடுத்தார். அவற்றில் அடி விழுகிறது. அதற்குமுன் நிற்கவேண்டிய கணம் நிற்பதில்லை. அடி வலிப்பதுபோலவே இருக்கிறது. பின்னர் 1967 வரை 34 படங்கள் எடுத்த சக் ஜோன்ஸ், பாலைவன ஓநாய் ஒன்று ஓடும் பறவையைத் துரத்தித் தன் சூழ்ச்சியாலேயே வீழும் படங்களை வோர்னருக்கு ஆக்கிய மேதை. ஆயினும் டொம்மையும் ஜெரியையும் தாம் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

2005இல் "த கராத்தே கார்ட்" என்ற புதிய குறும்படம் வெளிவந்தது. அதன் கதையை எழுதி, காட்சிச் சித்திரங்களை வரைந்து, இயக்கத்திலும் பங்குகொண்டவர் ஜோசப் பார்பெரா. அப்போது அவருக்கு வயது 94. அடுத்த ஆண்டு அவர் காலமானார். சட்டம் சட்டமாகக் காலத்தை அளந்து கொடுத்த ஹன்னா, 2001இலேயே மறைந்துவிட்டார்.