ரோடு இருக்கிறது, ஹாலைக் காணோம்

எங்கள் புதுச்சேரியில் தெரு இருக்கும், பெயர் போய்விடும். என் பாட்டனார் கடைசி வரையில் துய்ப்ளே வீதி என்றே சொல்லிக்கொண்டிருந்த வீதி, இன்று நேரு வீதி. கோயமுத்தூரில் இதற்கு நேர்மாறான ஒரு விசித்திரத்தைக் கண்டேன்.

ரயிலை விட்டு இறங்கி, "வெரைட்டி ஹால் ரோடு போகணும்" என்றேன். ஆட்டோக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் கொண்டுபோய்விட்டார். இறங்கும்போது, "அந்த ஹால் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஹாலுங்களா? ரோடு மட்டுந்தானுங்க இருக்குது!" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த ஹாலின் கதை தொடங்கியது கோயமுத்தூரில்கூட இல்லை, திருச்சியில். 1905-ஆம் வருஷம். ரயில்வேயில் வரைபடம் போடும் உத்தியோகத்தில் இருந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயமுத்தூர் இளைஞர். வயது இருபத்திரண்டு. ஊர் ஊராகப் படம் காட்டிவந்த துபான் என்ற பிரெஞ்சுக்காரர், உடல்நலம் கெட்டுச் சொந்த நாடு திரும்ப எண்ணித் தம் யந்திரத்தையும் படச்சுருள்களையும் விற்கப் பார்த்தார். வின்சென்ட் எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கிவிட்டார். வேலையையும் விட்டார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதவே வேண்டாம்!

பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டி அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. பம்பாயில் 1896 ஜூலையிலேயே காட்டியாகிவிட்டது. ஆனால் பம்பாய் பார்த்ததை நம் சிற்றூர்கள் பார்ப்பது எப்படி? வின்சென்ட் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவரிடம் இருந்தவற்றில் முக்கியமானது ஏசுநாதரின் வாழ்க்கைப் படம். தெற்கே சுற்றி, வடக்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலேயா வரையிலும் போய்வந்தார்.

1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கூடாரம் ஜனங்களைத் தேடிப் போக வேண்டும்; கட்டடமோ ஜனங்களைத் தன்னிடம் வரவழைக்கும். திருவிழாவுக்கு மட்டும் வந்துபோன அதிசயம் ஊரிலேயே குடியேறிவிட்டது. 1933-இல் 'வள்ளி திருமணம்' பேசும் படத்தையும் அவர் கல்கத்தாவில் எடுத்தார். வள்ளியாக நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி. 1942-இல் வின்சென்ட் காலமானார். ஹால் பிற்பாடு டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, நூறு வயதையும் தாண்டி, கடைசியில் இடிபட்டது.

நான் அந்த ரோட்டில் சற்று நேரம் நின்றேன். என் தகப்பனார் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் என்னைக் கையைப் பிடித்து ஒரு கொட்டகைக்கு அழைத்துப் போவார். இடைவேளையில் ஒரு முறுக்கு வாங்கிப் பாதியை எனக்குத் தருவார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். அந்த இருட்டில் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். இன்று அந்த இடத்தில் கடைகள். என் மகனிடம், "தாத்தா சிரித்த இடம் இது" என்று எந்தப் பெயரைச் சொல்லிக் காட்டுவது?

கோயமுத்தூர்க்காரர்கள் பாக்கியசாலிகள். ஹால் போனாலும், வழி கேட்கிறவன் அதன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.